கீழ்ப்பழனி மலைக் காபி: பழமாகவே கொடுத்துவிடுவதா, பார்ச்மென்ட் போடுவதா?

மேட்டுக்காட்டான் (கேள்வி)

பெரும்பாறைக்கும் தாண்டிக்குடிக்கும் இடையில் 4 ஏக்கர் தோட்டம். உயரம் 1,200 மீட்டர் சுமாருக்கு. முக்கால்வாசி எஸ்.795 என்கிற அரபிகா ரகம், மேல் பக்கம் புதிதாக நட்டது சந்திரகிரி ரகம். நிழலுக்கு சில்வர் ஓக், முள்முருங்கை, பலா. ஓக்கில் மிளகு ஏறியிருக்கிறது, ஊடே கொஞ்சம் மலைவாழை. நல்ல காய்ப்பு வருஷத்தில் மொத்தம் 4 டன் பழம் வரும்.

இப்போது நடப்பது, பறித்த அன்று சாயங்காலமே தோட்டத்து வாசலில் எடை போட்டு வியாபாரிக்குக் கொடுத்துவிடுவது. கிலோவுக்கு அவர் சொல்கிற விலை நியாயமா என்று கண்டுபிடிக்க வழி தெரியவில்லை. பழத்தோலை உரித்து, புளிக்கவைத்துக் கழுவி, உள்தோலோடு கொட்டையைக் காயவைத்து பார்ச்மென்ட் போட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்கிறார்கள் சிலர். பல்ப்பர் (தோல் உரிக்கும் இயந்திரம்), தொட்டி என்று செலவே வேண்டாம், குடகில் செய்கிற மாதிரி பழத்தை அப்படியே காயப்போட்டு செர்ரியாக விற்றுவிடு என்கிறார்கள் வேறு சிலர். சிமென்ட் களம் 60 சதுர மீட்டர் இருக்கிறது. எது சரிப்படும்? கணக்கோடு சொன்னால் புண்ணியம்.

மூட்டைக்கணக்கு

முதலில் விலை. எல்லோர் காபியையும் சேர்த்து வாரியமே விற்ற காபி வாரியத் தொகுப்புக்குள் மொத்தச் சரக்கையும் கொடுக்க வேண்டிய கட்டாயம் 1996-இல் முழுதாகப் போனது. அதிலிருந்து நம் அரபிகா விலை நியூயார்க் சந்தையின் வால் பிடித்துத்தான் ஓடுகிறது. அங்கே விலை பவுண்டுக்கு, இங்கே 50 கிலோ மூட்டைக்கு. அதனால்தான் குழப்பம்.

நியூயார்க் 3 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வையுங்கள். ஒரு பவுண்டு 0.4536 கிலோ. 3-ஐ அதால் வகுத்தால் கிலோவுக்கு 6.61 டாலர், அதாவது 562 ரூபாய். இது தோல் நீக்கிய சுத்தமான கொட்டைக்கு. 50 கிலோ பார்ச்மென்ட் மூட்டையில் நல்ல சரக்காக இருந்தால் 40 கிலோ கொட்டை தேறும். 562 × 40 = சுமார் 22,500. இதில் க்யூரிங் கூலி (ஆலையில் உள்தோல் நீக்கித் தரம் பிரிக்கும் கூலி), வண்டி, வியாபாரி லாபம் கழியும். தரத்துக்கு ஏற்ப அந்தப் பருவத்தில் கூட்டியோ குறைத்தோ கொடுப்பார்கள். மூட்டை 20,000-க்குப் போகிறது என்றே மேற்கொண்டு கணக்குப் போடுகிறேன்.

100 கிலோ பழுத்த அரபிகா பழத்துக்கு 20 கிலோ காய்ந்த பார்ச்மென்ட். ஆக ஒரு மூட்டைக்கு 250 கிலோ பழம். மனசுக்குள்ளேயே போடக்கூடிய சூத்திரம் இதுதான்: மூட்டை விலையை 250-ஆல் வகுத்தால் கிலோ பழத்தின் உச்ச விலை. 20,000 என்றால் 80 ரூபாய். வியாபாரி 65 கொடுத்தால் 15 ரூபாயை அவர் பல்ப்பர் செலவு, காயவைக்கும் கூலி, நஷ்ட பயம், லாபம் எல்லாவற்றுக்குமாக எடுத்துக்கொள்கிறார். 50 கொடுத்தால் சண்டை போடுங்கள்.

அடுத்து செர்ரி. அதே 100 கிலோ பழம் காய்ந்த செர்ரியாக 34 கிலோ வரும். 50 கிலோ மூட்டைக் கணக்கில் பார்ச்மென்ட் 0.4 மூட்டை, செர்ரி 0.68 மூட்டை. எனவே செர்ரி மூட்டையின் விலை பார்ச்மென்ட் மூட்டை விலையில் 59 சதவீதத்தைத் தொட்டால் இரண்டுக்கும் வரவு ஒன்றே. பல்ப்பர், தண்ணீர், ஆள் செலவைப் பார்ச்மென்ட் தலையில் ஏற்றினால் இந்த எல்லை இன்னும் கீழே இறங்கும். இரண்டு விலையையும் ஒரே நாளில், ஒரே வியாபாரியிடம் கேளுங்கள். வேறு வேறு நாள் விலையை வைத்து ஒப்பிட்டால் கணக்கு பொய்யாகிவிடும்.

வடகிழக்கு

மேலே உள்ள கணக்கில் பிழை இல்லை. ஆனால் காகிதக் கணக்கு. குடகு முறை இங்கே அப்படியே எடுபடாததற்கு விலை காரணமல்ல, மழை வரும் மாதம்.

பழனி மலை மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீட்டிக்கொண்டிருக்கும் கிளை. 2,000 மீட்டருக்கு மேலே கொடைக்கானல் பீடபூமி சுவர் மாதிரி நிற்பதால் தென்மேற்குப் பருவக்காற்றின் பெரும்பங்கு அந்தப் பக்கமே இறங்கிவிடும். கீழ்ப்பழனியின் காபி வட்டாரம், அதாவது ஏறக்குறைய 900-இலிருந்து 1,500 மீட்டர் வரை உள்ள தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர், பாச்சலூர் சரிவுகள், பெரும் மழையை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாங்குகிறது. மேலே பூண்டும் உருளையும், நடுவில் காபி, அடிவாரத்தில் மாவும் எலுமிச்சையும் என்று பயிர் அடுக்கடுக்காக மாறுவது உயரத்தால். காபியின் வரவு செலவை ஆட்டிவைப்பது மழைக்காலம்.

குடகிலும் சிக்மகளூரிலும் ஜூன் முதல் செப்டம்பருக்குள் மழை கொட்டித் தீர்ந்துவிடும். டிசம்பரில் பழம் பறிக்கும்போது வானம் வெளுத்திருக்கும், களத்தில் போட்டால் காயும். நமக்கோ அக்டோபர் கடைசியில் பழம் சிவக்கத் தொடங்கும், அதே வாரம் மழையும் தொடங்கும். நவம்பரில் மத்தியானத்துக்குமேல் மூட்டம் இறங்கினால் மறுநாள் பத்து மணிக்குத்தான் கலையும்.

இப்போது களக் கணக்கைப் பாருங்கள். செர்ரிக்குப் பழத்தை 5 செ.மீ. கனத்தில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 30 கிலோ பிடிக்கும். உச்சப் பருவத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாள் 300 கிலோ பறிக்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு பறிப்புக்கும் 10 சதுர மீட்டர். நவம்பர் ஈரத்தில் செர்ரி காய மூன்று வாரம் குறையாமல் ஆகும். அதற்குள் பத்துப் பறிப்பு வந்து நிற்கும், 100 சதுர மீட்டர் வேண்டும். உங்களிடம் இருப்பது 60. இடம் இல்லாமல் கனமாகக் குவிப்பீர்கள், அடியில் வெண்பூசணம் ஓடும், பழவாடை புளிப்பாக மாறும், கொட்டை கறுக்கும்.

அதே 300 கிலோவைப் பல்ப் செய்து கழுவினால் ஈரப் பார்ச்மென்ட் 120 கிலோ. 3 செ.மீ. கனத்தில் சதுர மீட்டருக்கு 20 கிலோ என்றால் 6 சதுர மீட்டர் போதும். மூட்டமான நாட்களையும் சேர்த்து 12 நாளில் காய்ந்துவிடும். கையில் ஆறு பறிப்பு, 36 சதுர மீட்டர். ஆக இந்த மலையில் பார்ச்மென்ட் போடுவது முதலில் களத்தைக் காப்பாற்ற. விலை உயர்வு அதற்கப்புறம்தான்.

என் தீர்ப்பு: நவம்பர், டிசம்பரில் வரும் பழத்தைப் பல்ப் செய்யுங்கள், அல்லது பழமாகவே கொடுத்துவிடுங்கள். பொங்கலுக்குப் பிறகு வானம் தெளிந்ததும் வரும் கடைசிப் பறிப்பையும் கொத்தில் மிஞ்சியதையும் செர்ரியாகக் காயப்போடுங்கள். இரண்டில் ஒன்று என்று வருஷம் முழுக்கக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

பல்ப்பர் கொட்டகை

செய்முறையில் எங்கே கோட்டை விடுவார்கள் என்பதைச் சொல்கிறேன்.

பறித்த பழத்தை முதலில் தொட்டித் தண்ணீரில் கொட்டுங்கள். மிதப்பதை அள்ளித் தனியே செர்ரியாகக் காயவையுங்கள். பச்சைக்காயையும் பாதி பழுத்ததையும் கையால் பொறுக்க வேண்டும், பல்ப்பரில் அவை தோல் உரியாமல் நசுங்கும். பல்ப் செய்வது பறித்த அன்று ராத்திரிக்குள். சாக்கில் கட்டிய பழம் விடிவதற்குள் சூடேறிப் புளித்துவிடும், பிறகு தொட்டியில் நீங்கள் செய்யும் எதற்கும் பலன் இருக்காது.

கை பல்ப்பரில் புடைத்த செம்புத் தகட்டுக்கும் எதிர்த் தகட்டுக்கும் உள்ள இடைவெளிதான் எல்லாம். நெருக்கி வைத்தால் கொட்டை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட இடம் காய்ந்த பிறகு கறுப்பாகத் தெரியும், க்யூரிங்கில் தனியே ஒதுக்கப்படும். தளர்த்தி வைத்தால் உரியாத பழம் கொட்டையோடு சேர்ந்து தொட்டிக்குப் போகும். முதல் இரண்டு படி பழத்தை ஓட்டி, வெளியே வரும் தோலைக் கையில் எடுத்துப் பாருங்கள். தோலுக்குள் கொட்டை ஒட்டிக்கொண்டு போகக்கூடாது, கொட்டைப் பக்கம் தோல் வரக்கூடாது. எஸ்.795 கொட்டையும் சந்திரகிரி கொட்டையும் ஒரே பருமன் அல்ல, சேர்த்துக் கொட்டாதீர்கள். பறிக்கும்போதே பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் இடைவெளியைத் திருத்திக்கொள்ளலாம்.

புளிக்கவைப்பது 24 முதல் 36 மணி நேரம். குளிர் அதிகமான ராத்திரிகளில் இன்னும் சற்று இழுக்கும், அதனால் கடிகாரத்தைவிடக் கையை நம்புங்கள். ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் கசக்கினால் வழவழப்பு போய் மணல் பிடித்தது போல் சொரசொரக்க வேண்டும், கூழாங்கல் உரசுகிற சத்தம் வர வேண்டும். அந்த நிலையில் உடனே கழுவிவிடுங்கள். இன்னொரு ராத்திரி விட்டுவிட்டால் புளித்த வாடை கொட்டைக்குள் இறங்கும், எந்த வறுப்பிலும் அது போகாது. நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசுங்கள்.

கழுவிய நீரையும் தோலையும் ஓடையில் விடாதீர்கள். இந்தச் சரிவுத் தண்ணீர் மருதாநதிக்கோ வேறு ஓடைகளுக்கோ போய்ச் சேர்வது, கீழே குடிக்கிறார்கள். தோலைக் குழியில் சாணம் சேர்த்து மட்கவைத்தால் அடுத்த வருஷம் உரம். நீர் புளித்திருக்கும், சுண்ணாம்பு போட்டு அமிலத்தைக் குறைத்து, குழியில் தேக்கிய பிறகே மண்ணில் விட வேண்டும். பல்ப்பர் நீரை வடிகட்டி அன்றைய வேலைக்கு மறுபடி சுற்றவிட்டால் செலவாகும் தண்ணீர் வெகுவாகக் குறையும்.

காயவைக்க சிமென்ட் களத்தை நம்பாமல் இடுப்பு உயரத்தில் வலைத்தட்டு அடியுங்கள். மேலே பாலித்தீன் கூரை, நாலு பக்கமும் திறந்திருக்கட்டும். பக்கத்தையும் மூடினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். முதல் நாள் தண்ணீர் வடியட்டும். ஆரம்பத்தில் உச்சி வெயில் நேரே பட்டால் பார்ச்மென்ட் தோல் வெடித்துக் கொட்டை வெளியே தெரியும், அப்போது மட்டும் மத்தியானம் நிழல் கொடுங்கள். மணிக்கொரு தரம் கிளறுவது கட்டாயம். சாயங்காலம் குவித்து மூடுங்கள்.

ஈரம் 10 சதவீதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க மீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரே படியில் தலைதட்டி அளந்து தினமும் எடை போடுங்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் எடை மாறாவிட்டால் காய்ந்துவிட்டது. 13 சதவீதத்தில் கட்டினால் எடை கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். வியாபாரி ஒரு சாம்பிள் எடுத்து உரித்து எடை போட்டு, தேறும் அளவைப் பார்த்துத்தான் விலை சொல்வார். 50 கிலோவில் 40-க்குப் பதில் 38 தேறினால், கிலோ 562 கணக்கில் மூட்டைக்கு 1,100 ரூபாய்க்கு மேல் போச்சு. அதோடு அந்தக் கொட்டை குடோனில் வெளுத்துப் போகும்.

மேட்டுக்காட்டான்

ரொம்ப நன்றி, குறிப்பாக வடகிழக்கு ஐயாவுக்கு. களக் கணக்கு கண்ணைத் திறந்துவிட்டது. இன்னொரு சந்தேகம். கிணற்றில் பிப்ரவரியில் தண்ணீர் இருக்கும். தெளிப்பான் போட்டு முன்கூட்டியே பூவை எடுத்துவிட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் காய்த்து பறிப்பு சுருங்குமே, செய்யலாமா?

பூமழை

ஒரே நேரத்தில் பூப்பது நல்லதுதான். பிப்ரவரி மட்டும் வேண்டாம். அரபிகா பூவிலிருந்து பழம் எட்டு ஒன்பது மாதம். பிப்ரவரி நடுவில் பூத்தது அக்டோபர், நவம்பரில் பழுக்கும். நேராக மழை வாயில் கொண்டுபோய் வைக்கிறீர்கள். கர்நாடகத்தில் ரொபஸ்டா என்கிற இன்னொரு காபி இனத்துக்குத் தெளிப்பான் போடுவதைப் பார்த்து இங்கே செய்வது இந்த ஒரு காரணத்தால் இடிக்கும். மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் பூத்தால் பெரும்பகுதி டிசம்பர், ஜனவரிக்குத் தள்ளும். கோடை மழை ஏமாற்றினால் அப்போது தெளிப்பானைப் பயன்படுத்துங்கள். பூ எடுக்க 25 மி.மீ. மழை அளவு நீர் வேண்டும், அதைக் கொடுத்து எட்டுப் பத்து நாளில் பூ விரியும். பாதி நனைத்து நிறுத்தினால் மொட்டு கருகிவிடும். அதுதான் பெரிய ஆபத்து. இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு நனைப்பு பிஞ்சைக் காப்பாற்றும்.

பூ சிதறுவதால் வரும் இன்னொரு தொல்லை காய்த்துளைப்பான். இந்தியாவில் 1990-இல் கூடலூர்ப் பக்கம் முதலில் தென்பட்ட பூச்சி. செடியில் எப்போதும் ஏதோ ஒரு பருவத்துக் காய் இருந்தால் அதற்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு. கடைசிப் பறிப்பில் ஒரு காய்கூட விடாமல் உருவுங்கள், கீழே கொட்டியதைப் பொறுக்குங்கள். பறிக்கும்போது படுதா விரித்தால் கொட்டுவது பாதியாகக் குறையும். துளை விழுந்த பழத்தைக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிஷம் முக்கி எடுத்த பிறகு காயப்போடுங்கள். சரியாகக் காயாத செர்ரி மூட்டைக்குள்ளும் அது பெருகும், குடோனிலிருந்து தோட்டத்துக்கே திரும்பிப் பறந்து வரும்.

நிழலைக் கழிக்கும்போது கவனம். மிளகுக்கு வெளிச்சம் வேண்டும் என்று முள்முருங்கையை மொட்டையடிப்பவர்கள் வெள்ளைத் தண்டுத்துளைப்பானை விருந்துக்கு அழைக்கிறார்கள். வண்டு பறப்பது ஏப்ரல் மே ஒரு தடவை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு தடவை. வெயில் படும் தண்டில்தான் முட்டை வைக்கும். தண்டில் வளையம் வளையமாக மேடு தட்டியிருக்கிறதா, இலை மஞ்சளாகி வாடுகிறதா என்று மார்ச்சிலும் செப்டம்பரிலும் செடி செடியாகப் பாருங்கள். பிடித்த செடியை வேரோடு பிடுங்கி அன்றே எரிக்க வேண்டும். விறகுக்கு என்று வீட்டோரம் அடுக்கினால் வண்டு அதிலிருந்தே வெளியேறும். நல்ல செடிகளுக்குத் தண்டையும் தடித்த கிளைகளையும் 10 சதவீதச் சுண்ணாம்புக் கரைசலால் நனைக்கலாம், 200 லிட்டருக்கு 20 கிலோ. கோணிக் கையுறையால் தளர்ந்த பட்டையைத் தேய்த்துவிடுவதும் உண்டு. பச்சைப் பட்டை காயப்படாமல் தேய்க்கணும்.

எஸ்.795-க்கு இலைத்துரு நோய் வரும். 0.5 சதவீத போர்டோ கலவை, 200 லிட்டருக்கு மயில்துத்தம் 1 கிலோ, பருவமழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான கத்தியை ஒரு நிமிஷம் முக்கினால் செம்பு படியக்கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும். கலக்கிய அன்றே அடித்து முடித்துவிடுங்கள்.

பட்டிவீரன்பட்டி ரோடு

எல்லோரும் பல்ப்பர் பக்கமே பேசுகிறீர்கள். 4 ஏக்கருக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 4 டன் பழம் என்றால் 16 மூட்டை. கிலோவுக்கு 15 ரூபாய் வித்தியாசம் என்ற மேல் கணக்கில் மொத்தம் 60,000 ரூபாய். பல்ப் செய்ய, கழுவ, கிளற, மூட, நவம்பரிலிருந்து ஜனவரி வரை எப்படியும் 60 ஆள் நாள். ஆள் ஒன்றுக்கு 1,000 ரூபாய்க்குள் முடிந்தால்தான் மிச்சம், அதிலும் பல்ப்பர், தட்டு, கூரை முதலீடு சேரவில்லை. வீட்டாளே வேலை செய்தால் லாபம், கூலிக்கு வைத்தால் கைக்கும் வாய்க்கும் சரி. விலை ஏறுகிற வருஷத்தில் வித்தியாசமும் விரியும், அப்போது கணக்கு மாறும். 2025 தொடக்கத்தில் நியூயார்க் 4 டாலரைத் தாண்டியது. 2001, 2002-இல் அரை டாலர் அளவுக்குக் கிடந்ததும் இதே சந்தைதான். உச்ச விலையைப் பார்த்து கொட்டகை கட்டாதீர்கள்.

அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பல்ப்பர், ஒரு தட்டுக் கொட்டகை என்றால் நிலைமை வேறு. 20 டன் பழம், 80 மூட்டை ஒரே தரத்தில் சேர்ந்தால் பட்டிவீரன்பட்டிக்கு வண்டி பிடித்துக் கொண்டுபோய் க்யூரிங்கில் கொடுத்து, தரம் பிரித்த பிறகு விற்கிற தைரியமும் வரும். அங்கே சல்லடைதான் நீதிபதி: 6.65 மி.மீ. துளையில் நிற்பது ஏ, 6 மி.மீ.யில் நிற்பது பி, 5.5-இல் சி, உருண்டைக் கொட்டை தனி. 16 மூட்டையை வைத்துக்கொண்டு இதெல்லாம் பேரம் பேச முடியாது.

இன்னொன்று, ஐரோப்பாவுக்குப் போகும் காபிக்குத் தோட்ட இருப்பிடம் கேட்கிறார்கள். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலமாக இருக்கக்கூடாது என்பது அவர்கள் சட்டம். 4 ஹெக்டேருக்குக் குறைவான தோட்டத்துக்கு ஒரே ஒரு புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை போதும். பட்டா, சிட்டாவோடு இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சேர்ந்து விற்கும்போது கேட்பார்கள். நிழல் மரம் வெட்டுவதென்றால் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-இலிருந்தே இருக்கிறது, சொந்த நிலத்து மரமானாலும் அனுமதி கேட்டுவிட்டுக் கோடாலியை எடுங்கள்.

பல்ப்பர் கொட்டகை

ரோடு அண்ணன் சொன்ன ஆள் கணக்கு சரி. சேர்ந்து செய்வதானால் ஒரு எச்சரிக்கை: ஒவ்வொருவர் பழத்தையும் தொட்டியில் கொட்டுவதற்கு முன் மிதவை எடுத்துவிட்டு எடை போட்டு எழுதுங்கள். ஒருவர் பச்சைக்காய் கலந்து கொண்டுவந்தால் தேறும் அளவு எல்லோருக்கும் குறையும், சச்சரவு அங்கேதான் ஆரம்பிக்கும். நூறு பழம் எண்ணி எடுத்து அதில் பச்சை எத்தனை என்று எல்லோர் முன்னாலும் பார்த்து, 5-க்கு மேல் போனால் திருப்பி அனுப்பிவிடுவது என்று முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

மேட்டுக்காட்டான்

பக்கத்துத் தோட்டத்தார் மூன்று பேரிடம் பேசிப் பார்க்கிறேன். காய்ந்த மூட்டையை விலை ஏறும்வரை மேலேயே வைத்திருக்கலாமா, கீழே இறக்கிவிட வேண்டுமா?

மூட்டைக்கணக்கு

மேலே வைத்திருப்பதானால் பார்ச்மென்ட்டாகவே வையுங்கள், உரிக்காதீர்கள். புதுச் சணல் சாக்கு, மரக்கட்டை மேல் அடுக்கு, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி. உரச் சாக்கு, மருந்து அடித்த அறை, ஏலக்காய் மூட்டை எதுவும் பக்கத்தில் வேண்டாம், காபி வாசனையை இழுத்துக்கொள்ளும். மிளகு பறிப்பு பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை வந்துவிடும், கைச்செலவுக்கு அதை விற்றால் காபியை அவசர விலைக்குத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் மேயில் மழை ஈரம் ஏறுவதற்குள் கீழே க்யூரிங்குக்கு அனுப்பிவிடுங்கள். 1,200 மீட்டர் மூட்டத்தில் 10 சதவீதம் 12 ஆக ஏறிவிட்டால் மறுபடி தட்டில் கொட்டித்தான் காயவைக்கணும்.